தகைவிலான்களைப் பிரித்தறிவது எப்படி: வாலை விடுங்கள், பிட்டத்தைப் பாருங்கள்

மின்கம்பியில் நாற்பது குருவிகள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. எல்லாவற்றுக்கும் முதுகு கருநீலம், வயிறு வெளுப்பு. பைனாகுலரைக் கண்ணில் வைக்கும்போதே பாதி பறந்துவிடுகின்றன. மீதி இருப்பதைப் பார்த்து, "வால் நீளமா இருக்கு, தகைவிலான்தான்" என்று எழுதிக்கொண்டு நடையைக் கட்டுகிறோம். நானும் பல வருஷம் அப்படித்தான் எழுதினேன். அதில் எத்தனை தவறோ, இப்போது திருத்தவும் வழியில்லை.

ஸ்வாலோ, மார்ட்டின் என்று ஆங்கிலத்தில் இரண்டு பெயர் இருந்தாலும் இரண்டும் ஒரே குடும்பம்தான், ஹிருண்டினிடே. உலகம் முழுக்க ஏறக்குறைய 90 இனங்கள். நீள வால் உள்ளது ஸ்வாலோ, குட்டை வால் உள்ளது மார்ட்டின் என்பது பொதுவான பழக்கம்; அறிவியல் விதி கிடையாது. ஆற்றங்கரை மணல் திட்டில் வளை தோண்டும் ஒரே பறவையைப் பிரிட்டனில் சாண்ட் மார்ட்டின் என்கிறார்கள், அமெரிக்காவில் பேங்க் ஸ்வாலோ என்கிறார்கள். அதனால் 'இது ஸ்வாலோவா மார்ட்டினா' என்ற கேள்வியில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். தமிழில் எல்லாமே தகைவிலான்தான். தகைவு என்றால் தடை, இளைப்பு. இளைப்பறியாதவன் என்று படித்தால் இதன் பறத்தலுக்குப் பொருந்தித்தான் போகிறது. ஒவ்வோர் இனத்துக்கும் நிலைத்த தமிழ்ப்பெயர் இல்லாததால், பறவை பார்ப்பவர்கள் வாயில் வரும் பெயரையே கீழே எழுதுகிறேன்.

நான் சொல்ல வருவது ஒரே விஷயம்: பார்க்கும் வரிசையை மாற்றுங்கள். நம் கண் முதலில் வாலுக்குத்தான் போகும். ஆனால் இந்தக் குடும்பத்தில் வாலை நம்பினால் அடிக்கடி ஏமாற வேண்டியிருக்கும். முதலில் பிட்டம், அப்புறம் தொண்டையும் மார்பும், அதன்பின் வாலடி, கடைசியில்தான் வால்.

அதற்கும் முன்னால்: இது தகைவிலான்தானா?

வானத்தில் பூச்சி பிடித்துத் திரிகிற எல்லாமே தகைவிலான் இல்லை. அதிகம் குழப்புவது உழவாரன், அதாவது ஸ்விஃப்ட். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் உறவு ஏதுமில்லை. உழவாரனுக்கு நெருங்கிய சொந்தம் தேன்சிட்டு போல மலரில் தேன் குடிக்கும் அமெரிக்க ஹம்மிங்பேர்டுகள். இறக்கையைக் கவனித்தால் போதும். உழவாரனின் இறக்கை பிறை மாதிரி ஒரே வளைவாக, ஒடுங்கி, விறைப்பாக இருக்கும். நடுவில் மடிவதே தெரியாது. தகைவிலானின் இறக்கை உடம்போடு சேரும் இடத்தில் அகலம். ஒவ்வோர் அடிக்குப் பிறகும் மணிக்கட்டில் மடங்கி உடம்பை நோக்கி வரும். பார்த்துப் பழகிவிட்டால் அரை கிலோமீட்டர் தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம்.

கம்பியில் உட்கார்ந்திருந்தால் அது உழவாரன் இல்லை. அதன் கால் சுவரையும் பாறையையும் பற்றித் தொங்கத்தான் உதவும். மர உழவாரன்கள் மட்டும் விதிவிலக்கு, அவை காய்ந்த கிளை நுனியில் நிமிர்ந்து உட்காரும். ஆனால் அவை தனிக் குடும்பம்.

இரண்டு இடங்களில் அனுபவசாலிகளும் தடுமாறுவார்கள். ஹவுஸ் ஸ்விஃப்டுக்கும் லிட்டில் ஸ்விஃப்டுக்கும் வெள்ளைப் பிட்டம் உண்டு, ஹவுஸ் மார்ட்டினுக்கும் உண்டு. முதுகுப் பக்கத்தை மட்டும் பார்த்தால் மாட்டிக்கொள்வோம். வயிற்றைப் பாருங்கள்: மார்ட்டினுக்கு வெள்ளை, இந்த இரண்டு உழவாரன்களுக்கும் தொண்டை மட்டும் வெள்ளை, மற்றதெல்லாம் கறுப்பு. இன்னொன்று ஆல்பைன் ஸ்விஃப்ட். பழுப்பு முதுகு, வெள்ளை வயிறு, மார்பில் பழுப்புப் பட்டை என்று கேட்டால் சாண்ட் மார்ட்டினை வர்ணிப்பது போலவே இருக்கும். ஆனால் ஆல்பைன் ஸ்விஃப்டின் இறக்கை விரிப்பு அரை மீட்டரைத் தாண்டும், சாண்ட் மார்ட்டினுக்கு அதில் பாதிதான். அளவு தெரியாத வெறும் வானத்தில்தான் இந்தக் குழப்பமே வரும்.

தெற்காசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் மூன்றாவதாக ஒன்று உண்டு: ஆஷி வுட்ஸ்வாலோ. பெயரில்தான் ஸ்வாலோ, குடும்பம் வேறு. கட்டையான உடம்பு, சாம்பல் நிறம், தடித்த நீலச்சாம்பல் அலகு. கம்பியில் ஒன்றையொன்று தோளோடு தோள் ஒட்டி உட்காரும். தகைவிலான்கள் நடுவே இடைவெளி விட்டுத்தான் உட்காரும். நெருங்கி வந்தால் சண்டைதான்.

பிட்டம்

முதுகு முடிந்து வால் தொடங்கும் இடம். பறவை தலைக்கு மேலே பறக்கும்போது இது தெரியாது, திரும்பும்போது அரை நொடி தெரியும். அந்த அரை நொடிக்காகத்தான் காத்திருக்க வேண்டும். பாலத்தின் மேலோ, மலைச்சரிவிலோ, உயரமான கரையிலோ நின்று கீழே பறப்பவற்றைப் பார்த்தால் பிட்டம் தாராளமாகத் தெரியும். இதற்காக இடத்தை மாற்றிக்கொண்டு நிற்பது, விலை உயர்ந்த லென்ஸ் வாங்குவதைவிட பலன் தரும்.

பிட்டம் முதுகோடு ஒரே கருநீலமாக இருந்தால் பார்ன் ஸ்வாலோ, வயர்டெயில்டு ஸ்வாலோ, ஹில் ஸ்வாலோ, பசிபிக் ஸ்வாலோ போன்றவற்றில் ஒன்று. தூய வெள்ளையாக இருந்தால் ஹவுஸ் மார்ட்டின் கூட்டம். செங்கல் நிறமோ வெளிறிய ஆரஞ்சோ என்றால் ரெட்ரம்ப்டு ஸ்வாலோவும் அதன் உறவுகளும். முதுகும் பிட்டமும் சேர்ந்து பழுப்பு என்றால் சாண்ட் மார்ட்டின் அல்லது கிராக் மார்ட்டின் வகை.

இந்த ஒரு பார்வையிலேயே பாதி வேலை முடிந்துவிடும். அதனால்தான் இதை முதலில் வைத்தேன்.

ஒரு எச்சரிக்கை. ரெட்ரம்ப்டு ஸ்வாலோவின் பிட்டம் முழுவதும் ஒரே நிறம் இல்லை. வாலை நெருங்கும்போது வெளுத்துக்கொண்டே போகும். கடும் வெயிலில் எடுத்த படத்தில் அது வெள்ளையாகவே வந்து நிற்கும். ஹவுஸ் மார்ட்டின் என்று நான் பெருமையாகக் காட்டிய ஒரு படத்தைப் பார்த்து ஒரு நண்பர், "பிடரியைப் பாருங்க" என்றார். கழுத்தின் பின்னால் செம்மண் நிறத்தில் ஒரு வளையம் கிடந்தது. ஹவுஸ் மார்ட்டினுக்குப் பிடரியில் அப்படி எதுவும் கிடையாது. தலை மூடி போட்டது மாதிரி முழுக்கக் கருநீலம்.

அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு: வெளிறிய ஆரஞ்சுப் பிட்டமும் சதுர வாலும் சேர்ந்து வந்தால் கிளிஃப் ஸ்வாலோ அல்லது கேவ் ஸ்வாலோ. கிளிஃப் ஸ்வாலோவுக்கு நெற்றி வெளுப்பு, தொண்டை இருட்டு. கேவ் ஸ்வாலோவுக்கு நேர் எதிர், நெற்றி அடர்சிவப்பு, தொண்டை வெளுப்பு. வயலட்கிரீன் ஸ்வாலோவுக்குப் பிட்டத்தின் இரு பக்கமும் வெள்ளைத் திட்டு ஏறி வந்து நடுவில் ஏறக்குறைய முட்டிக்கொள்ளும், அவசரத்தில் பார்த்தால் வெள்ளைப் பிட்டம் போலவே தெரியும். ஆஸ்திரேலியாவில் வெளிறிய பிட்டம் என்றால் ஃபேரி மார்ட்டினா ட்ரீ மார்ட்டினா என்ற கேள்வி வரும். தலை முழுக்கச் செம்பழுப்பாக இருந்தால் ஃபேரி மார்ட்டின்.

தொண்டையும் மார்பும்

கருநீலப் பிட்டக் கூட்டத்தைப் பிரிப்பது இங்கேதான். இதில் கொஞ்சம் நிதானமாக உட்காரலாம்.

பார்ன் ஸ்வாலோவுக்கு நெற்றியும் தொண்டையும் செம்பழுப்பு. அதற்குக் கீழே கருநீலப் பட்டை ஒன்று மார்பைக் குறுக்கே கடக்கும், அப்புறம் வெளிறிய வயிறு. இந்தப் பட்டைதான் முக்கியம். சிவப்புத் தொண்டை பலருக்கும் உண்டு, சிவப்புக்கும் வயிற்றுக்கும் நடுவே கருநீலக் கோடு இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

ஹில் ஸ்வாலோவுக்கும் பசிபிக் ஸ்வாலோவுக்கும் அந்தக் கோடு கிடையாது. சிவப்பு தொண்டையைத் தாண்டி மார்பின் மேற்பகுதி வரை வழிந்து, அழுக்குச் சாம்பல் வயிற்றில் போய்க் கரையும். வாலும் குட்டை. ஹில் ஸ்வாலோ தென்னிந்தியா, இலங்கை மலைப்பகுதிகளுக்கு உரியது. பசிபிக் ஸ்வாலோ தென்கிழக்காசியாவிலிருந்து பசிபிக் தீவுகள் வரை. ஆஸ்திரேலியாவின் வெல்கம் ஸ்வாலோவுக்கும் பட்டை கிடையாது, ஆனால் வால் கம்பிகள், அதாவது வாலின் இரு ஓரத்திலும் கம்பி போல நீளும் இறகுகள், ஓரளவு நீளம்.

வயர்டெயில்டு ஸ்வாலோ எளிது. தொண்டையிலிருந்து கீழ்வரை சலவைக்குப் போட்டது போல வெள்ளை, தலையில் செம்பழுப்புத் தொப்பி. பறக்கும்போது இறக்கையின் அடியில் முன்பாதி வெள்ளை, பின்பாதி கறுப்பு என்று வெட்டினாற்போல் தெரியும். தண்ணீரை விட்டு அதிகம் விலகாது. பாலத்தடி, கால்வாய் மதகு, குளக்கரைக் கம்பி. வால் கம்பி அவ்வளவு மெல்லியது என்பதால் பல நேரம் தெரியவே தெரியாது. இதன் பெயரே வாலை வைத்துத்தான், வாலோ கண்ணுக்கு அகப்படாது!

செம்பிட்டக் கூட்டத்தில் தொண்டையும் வயிறும் வெளிறி, மேலே மெல்லிய கோடுகள் ஓடும். ரெட்ரம்ப்டு ஸ்வாலோவுக்குக் கோடுகள் பென்சிலில் போட்டது மாதிரி. தென்கிழக்காசியாவில் உள்ள ஸ்ட்ரையேட்டட் ஸ்வாலோவுக்கு மையில் போட்டது மாதிரி அழுத்தம். இலங்கையில் மட்டும் வாழும் ஸ்ரீலங்கா ஸ்வாலோவுக்கு அடிப்பகுதி முழுக்க ஆழ்ந்த செம்பழுப்பு.

இந்தியத் துணைக்கண்டத்தில் பாலங்களுக்கு அடியில் கூட்டமாக வாழும் ஸ்ட்ரீக்த்ரோட்டட் ஸ்வாலோவையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மிகச் சிறியது, 11, 12 செ.மீ.தான். செம்பழுப்புத் தொப்பி இருப்பதால் வயர்டெயில்டு என்று நினைக்கத் தோன்றும், ஆனால் தொண்டையிலும் மார்பிலும் கோடு கோடாக இருக்கும், பிட்டம் மங்கிய பழுப்பு, வாலில் பிளவு லேசாகத்தான்.

பார்ன் ஸ்வாலோவின் வயிற்று நிறத்தை மட்டும் நம்பவே வேண்டாம். ஐரோப்பாவிலிருந்து வருவதற்கு வெளிறிய வயிறு, கிழக்காசியாவிலிருந்து வருவதற்கு இன்னும் வெள்ளை, மார்புப் பட்டையும் நடுவில் அறுந்திருக்கலாம். சைபீரியாவின் ஒரு துணையினத்துக்கும் எகிப்தில் வாழும் துணையினத்துக்கும் வயிறு நல்ல சிவப்பு. வட அமெரிக்கத் துணையினத்துக்கும் செம்மை உண்டு, பட்டை ஒல்லி. எல்லாம் ஒரே இனம்தான்.

வாலடி: யாரும் பார்க்காத இடம்

வாலின் அடிப்புறத்தில், கால்களுக்குப் பின்னால் இருக்கும் இறகுகள். ரெட்ரம்ப்டு ஸ்வாலோவுக்கும் ஸ்ட்ரையேட்டட் ஸ்வாலோவுக்கும் இது கறுப்பு. வெளிறிய வயிறு திடீரென முடிந்து கறுப்பு தொடங்கும். பறவையை வால் பக்கமாகப் பிடித்து மைக்கூட்டில் முக்கி எடுத்த மாதிரி இருக்கும். பார்ன் ஸ்வாலோவுக்கு வாலடி வயிற்றைப் போலவே வெளுப்பு.

தலைக்கு மேலே பறக்கும் பறவையில் பிட்டம் தெரியாது என்று சொன்னேன் அல்லவா, அப்போது கை கொடுப்பது இதுதான். ஒருநாள் மாலை கம்பியில் இருந்த கூட்டத்தை நேர் கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். வரிசையாக வெளிறிய வால்கள், நடுவில் இரண்டு மட்டும் கறுப்பு. மேலிருந்து பார்த்திருந்தால்கூட அவ்வளவு சீக்கிரம் கண்டுபிடித்திருக்க முடியாது. மடித்த இறக்கை முதுகையும் பிட்டத்தையும் மூடிக்கொண்டிருந்தது.

ஹவுஸ் மார்ட்டின் கூட்டத்தைப் பிரிக்கவும் இதே இடம் உதவும். இமயமலைப் பக்கம் உள்ள நேபாள் ஹவுஸ் மார்ட்டினுக்குத் தொண்டையும் வாலடியும் கறுப்பு, வால் சதுரம். ஐரோப்பிய ஹவுஸ் மார்ட்டினுக்கு அடி முழுக்கத் தூய வெள்ளை, வாலில் ஆழமான பிளவு. ஏஷியன் ஹவுஸ் மார்ட்டின் நடுவில்: அடிப்பகுதியில் புகை படிந்த சாயல், பிட்ட வெள்ளை கொஞ்சம் சிறிது, வால் பிளவு மேலோட்டம், இறக்கையின் அடிப்புற முன்பாதி இருட்டு. படம் நன்றாக அமையாவிட்டால் கடைசி இரண்டையும் பிரிக்க முயலாமல் இருப்பதே நல்லது.

கடைசியில் வால்

வாலை ஏன் கடைசிக்குத் தள்ளுகிறேன்? பார்ன் ஸ்வாலோவின் புகழ்பெற்ற வால் கம்பிகள் வளர்ந்த பறவைக்குத்தான் முழுசாக இருக்கும், அதிலும் ஆணுக்கு நீளம், பெண்ணுக்குக் குறைவு. இளசுகளுக்குக் குட்டை. வலசை போன இடத்தில்தான் இறகு உதிர்த்துப் புதுப்பிக்கும், ஆகவே குளிர்காலத்தைக் கழிக்கும் நாடுகளில் மாதக்கணக்கில் கம்பியே இல்லாத பார்ன் ஸ்வாலோக்கள்தான் கண்ணில் படும். கம்பி இல்லாத, மங்கிய தொண்டையுள்ள இளம் பறவைகளை ஹில் ஸ்வாலோ என்று ஒரு பருவம் முழுக்க எழுதி வைத்திருந்தேன். ஒன்று தலையைக் கோத நெஞ்சைத் திருப்பியபோதுதான் பழுப்பும் நீலமும் கலந்த அந்தப் பட்டையைப் பார்த்தேன். குறிப்பேட்டில் இரண்டு பக்கம் அடித்தல்.

வாலில் கவனிக்க வேண்டியது நீளத்தைவிட வெள்ளைப் புள்ளிகள். பார்ன் ஸ்வாலோ திரும்பும்போது வாலை விசிறி போல விரிக்கும். அப்போது இறகுகளின் நடுவே வெள்ளைப் புள்ளிகள் வரிசையாகப் பளிச்சிடும்.

பழுப்புக் கூட்டம் தனி உலகம்

இங்கே பளபளப்பு கிடையாது, நிறம் கிடையாது. முதல் கேள்வி: மார்பில் பட்டை இருக்கிறதா?

வெள்ளைத் தொண்டை, அதன் கீழ் தெளிவான பழுப்புப் பட்டை, மறுபடி வெள்ளை: சாண்ட் மார்ட்டின். பட்டை மங்கிப்போய் ஓரம் கரைந்திருந்தால், முதுகும் வெளிறிய சாம்பல் பழுப்பாக இருந்தால் பேல் மார்ட்டினாக இருக்கலாம். இந்த இரண்டையும் பிரிப்பது நிஜமாகவே கடினம். பட்டை இல்லாமல், தொண்டையும் மார்பும் மங்கிய சாம்பல் பழுப்பாக, மிகச் சிறிய பறவையாக இருந்தால் தெற்காசியாவின் கிரேத்ரோட்டட் மார்ட்டின். வட அமெரிக்காவில் பட்டை இல்லாத பழுப்புப் பறவை நார்தர்ன் ரஃப்விங்டு ஸ்வாலோ.

கிராக் மார்ட்டின்கள் பாறைச் சுவரையும் உயரமான கட்டடங்களையும் ஒட்டி, இறக்கையை அசைக்காமல் போய்த் திரும்பி, போய்த் திரும்பிக்கொண்டே இருக்கும். டஸ்கி கிராக் மார்ட்டின் உடம்பு முழுக்கப் புகைக்கரி நிறம். யுரேசியன் கிராக் மார்ட்டின் அதைவிடப் பெரியது, அடிப்பகுதி வெளிறியது, இறக்கையின் அடியில் முன்பகுதி மட்டும் இருண்டு தனியாகத் தெரியும். இரண்டுக்கும் வாலை விரித்தால் வெள்ளைப் புள்ளிகள் உண்டு. சாண்ட் மார்ட்டின் கூட்டத்துக்கு அது இல்லை. விசிறி விரியும் அந்தக் கணத்துக்குக் காத்திருங்கள்.

கூடு கிடைத்தால் பாதி சந்தேகம் தீரும்

கூடு கட்டும் காலத்தில் பறவையைவிடக் கூடு தெளிவாகப் பேசும். பார்ன் ஸ்வாலோ கூரைக்கு உள்ளே, உத்தரத்தின் மேல், வைக்கோல் கலந்த மண்ணில் திறந்த கிண்ணம் கட்டும். ஹவுஸ் மார்ட்டின் கட்டடத்தின் வெளிப்புறத்தில், கூரை விளிம்புக்கு அடியில், மேல்வரை அடைத்து ஒரு சின்னத் துளை மட்டும் விடும். அதற்கு ஆயிரத்தை ஒட்டிய மண் உருண்டைகள் தேவைப்படும், ஒவ்வொன்றும் ஒரு வாய். ரெட்ரம்ப்டு ஸ்வாலோவின் கூடு குடுவையைப் பக்கவாட்டில் கவிழ்த்து ஒட்டியது போல இருக்கும், வாசலுக்குக் குழாய் மாதிரி ஒரு கழுத்து நீளும். வயர்டெயில்டு பாலத்தடியில் அரைக் கிண்ணம் கட்டும், பெரும்பாலும் தனித்து. ஸ்ட்ரீக்த்ரோட்டட் நேர்மாறு; தேனடை போலக் கூடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். சாண்ட் மார்ட்டின் மண் கரையில் குடையும் வளை ஒரு மீட்டர் ஆழம்கூடப் போகும். கூட்டுக்கு அருகே அதிக நேரம் நிற்காதீர்கள். பறவை வாயில் பூச்சியோடு சுற்றிச் சுற்றி வந்து உள்ளே போகாமல் இருந்தால் காரணம் நீங்கள்தான்.

மண் எடுக்க இறங்கும் ஈரச்சேறு இன்னொரு அருமையான இடம். பறந்துகொண்டே இருக்கும் இந்தப் பறவைகள் அங்கே தரையில் நிற்கும், இறக்கையைத் தூக்கிக்கொண்டு. அப்போது பிட்டம் நன்றாகத் தெரியும். ஹவுஸ் மார்ட்டின் என்றால் கால் விரல்வரை வெள்ளைப் பஞ்சு போர்த்தியிருப்பதும் தெரியும்.

களத்தில் செய்ய வேண்டியது

கூட்டத்தைப் பார்க்காதீர்கள். ஒரே ஒரு பறவையைத் தேர்ந்து, அது போகும் இடமெல்லாம் பைனாகுலரை நகர்த்துங்கள். ஒரே சுற்றுப்பாதையில்தான் பெரும்பாலும் வரும், மூன்றாவது சுற்றில் எங்கே திரும்பும் என்பது பிடிபட்டுவிடும். அங்கே முன்கூட்டியே குறிவைத்துக் காத்திருங்கள்.

பறக்கும் பாணியும் உதவும். பார்ன் ஸ்வாலோ தரையை உரசுவது போலத் தாழ்ந்து, வேகமாக, வளைந்து வளைந்து போகும். ரெட்ரம்ப்டு சற்றே சோம்பேறி, அதிகம் மிதக்கும். ஹவுஸ் மார்ட்டின் உயரத்தில் படபடத்து, கொஞ்சம் மிதந்து, மறுபடி படபடக்கும். குரலில் பார்ன் ஸ்வாலோவின் "விட், விட்" கூர்மை. ஹவுஸ் மார்ட்டினுடையது வறண்ட "பிர்ரிட்". சாண்ட் மார்ட்டினுடையது உப்புக் காகிதத்தில் தேய்த்தது போன்ற கரகரப்பு.

கேமரா வைத்திருப்பவர்கள் ஷட்டர் வேகத்தை 1/2000 நொடிக்குக் குறையாமல் வைத்துத் தொடர்ச்சியாக எடுங்கள். வானத்தைப் பின்னணியாக வைத்தால் பறவை நிழலுருவமாகிவிடும், எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் கூட்டுங்கள். தண்ணீரோ வயலோ பின்னணி என்றால் கூட்ட வேண்டாம், பிட்டம் வெளுத்துவிடும். அழகான படம் வேண்டாம். திரும்பும்போது எடுத்த, பாதி மங்கிய படம் ஒன்றில் பிட்டமும் வாலடியும் இருந்தால் அதுதான் பொக்கிஷம்.

எல்லாம் செய்தும் சில பறவைகள் எந்தக் கட்டத்துக்குள்ளும் அடங்காது. பார்ன் ஸ்வாலோவும் ஹவுஸ் மார்ட்டினும் கலந்த கலப்பினங்கள்கூடப் பதிவாகியுள்ளன. அழுக்கு வெள்ளைப் பிட்டமும் மங்கிய சிவப்புத் தொண்டையும் சேர்ந்து வரும். இபேர்டு போன்ற செயலிகளில் 'ஸ்வாலோ, இனம் தெரியவில்லை' என்று பதிய இடம் இருக்கிறது, வெட்கப்படாமல் பயன்படுத்துங்கள். என் குறிப்பேட்டில் போன வாரம் எழுதிய வரி இது: "கம்பியில் 23. பார்ன் 17, வாலடி கறுப்பு 2, மீதி 4 பிட்டம் பார்க்கவில்லை."